சேலத்திலிருந்து கச்சேரிக்குக் கிளம்புகிறவர்களுக்கு

கச்சேரிப் பைத்தியம் பிடித்த யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "நான் பார்த்ததிலேயே பெஸ்ட்டு..." என்று தொடங்கும் கதை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். "அன்னைக்கு மட்டும் போயிருந்தா..." என்று தொடங்கும் கதைதான் லேசில் நிற்காது. டிக்கெட் கிடைக்காமல் தவறிய கச்சேரிக்காக யாரும் ரொம்ப நாள் வருத்தப்படுவதில்லை. டிக்கெட்டே வாங்கத் தேவையில்லாத, டவுன் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்ட கச்சேரிதான் உறுத்திக்கொண்டே இருக்கும்.

இதுவரை பாட்டை போனிலும் டீக்கடையிலும் மட்டும் கேட்டவர்களுக்கும், சேலத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

முதலில், எதற்குப் போவது?

பணம், தூரம், கூட்டம் எல்லாவற்றையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது இன்னொரு தடவை நடக்குமா என்பது. சினிமா இசையமைப்பாளர் ஒருவர் ஊர் ஊராகப் போகிறார் என்றால், சென்னையில் விட்டதைக் கோவையில் பிடித்துவிடலாம். பாட்டு வரிசைகூடப் பெரிதாக மாறாது. வயதான வித்வான் ஒருவர் பக்கத்து ஊர்க் கோயிலில் வாசிக்கிறார் என்றால் கணக்கு வேறு.

ராசிபுரம் தாண்டினால் நாமகிரிப்பேட்டை. நாதஸ்வரத்துக்காகப் பத்மஸ்ரீ பெற்ற நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் ஊர். அந்தப் பகுதி அப்போது சேலம் மாவட்டம்தான், 1997-ல்தான் நாமக்கல்லோடு பிரிந்தது. அவர் 2001-ல் காலமானார். விடிகாலைக் கோயில் ஒலிபெருக்கியிலும் கல்யாண மண்டபத்திலும் அவர் வாசிப்பை ஒலிநாடாவில் கேட்டே வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கே இருக்கிறது. அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் நேரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள் என்று விசாரித்தால் பதில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பக்கத்து ஊர்க்காரர்தானே, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற நினைப்புதான்.

வயதை மட்டும் பார்த்து முடிவுசெய்யவும் கூடாது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பரில் போனபோது அவருக்கு 45 வயதுதான். எஸ்.பி.பாலசுப்ரமணியம் 2020 வரை மேடையில் சிரித்துப் பேசிப் பாடிக்கொண்டிருந்தவர். தபேலா மேதை ஜாகிர் உசேன் போனது 2024 டிசம்பரில். இவர்கள் ஒவ்வொருவருக்கும் "அடுத்த சீசன்ல கண்டிப்பா" என்று சொல்லிவைத்திருந்த ரசிகர்கள் உண்டு.

சில சமயம் நீங்கள் சரியாகவே முடிவெடுத்தும் தவறும். 2025 பிப்ரவரி 5-ம் தேதி சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஆங்கிலப் பாடகர் எட் ஷீரனின் கச்சேரி. பாதியில் ஏ.ஆர்.ரஹ்மான் மேடையேறி இருவரும் சேர்ந்து பாடினார்கள். அதே வார இறுதியில் பெங்களூரில் கச்சேரி இருக்கிறது, வேலை நாளில் எதற்குச் சென்னை என்று நினைத்தவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை. இதற்கெல்லாம் வழிகாட்டி எழுத முடியாது. மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆடியில் ஆரம்பியுங்கள்

புதியவர்கள் முதல் கச்சேரியாக மூவாயிரம் ரூபாய் டிக்கெட்டைத் தேர்ந்தெடுப்பது எனக்கு ஏற்பில்லை. சேலத்தில் ஆடி மாதம் பிறந்துவிட்டால் காசு கொடுக்காமலே காது நிறையும். கோட்டை மாரியம்மன், குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, பொன்னம்மாபேட்டை என்று ஊர் முழுக்க மாரியம்மன் கோயில்களில் பூச்சாட்டுதல், கம்பம் நடுதல், பொங்கல் என வரிசையாக நடக்கும். பேட்டைக்குப் பேட்டை மேடை.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கோயில் சுவரிலோ பக்கத்து மளிகைக் கடையிலோ திருவிழா நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். அதை முழுசாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றன்றைக்கு யார் உபயம், எந்த வாகனம், இரவு என்ன நிகழ்ச்சி என்று எல்லாம் அதில் இருக்கும். கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பட்டிமன்றமும் மெல்லிசையும். கீழே பொடி எழுத்தில் "நாதஸ்வர இன்னிசை", "சிறப்புத் தவில்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். வட்டம் போட வேண்டியது அந்த வரியைத்தான்.

சாமி புறப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்பே போய் மேளக்காரர்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். நாதஸ்வரக்காரர், ஊதுமுனையில் செருகும் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்துவார், எடுத்து ஊதிப் பார்ப்பார், திருப்தியில்லை என்றால் கழுத்தில் தொங்கும் கொத்திலிருந்து வேறொன்றை மாற்றுவார். தவில்காரர் வலது கை விரல்களில் ஒவ்வொன்றாகக் கூடு மாட்டுவார். துணியையும் பசையையும் சுற்றிச் சுற்றிச் செய்து காயவைத்த கெட்டியான உறை அது. இடது கையில் குச்சி. அந்தக் கூடு தோலில் படும் முதல் அடியை நாலடி தூரத்தில் நின்று கேட்டவர்களுக்கு, எந்த ஸ்பீக்கர் போட்டாலும் அதில் வராதது எது என்று உடனே புரிந்துவிடும். நெஞ்சுக்கூட்டில் இறங்கும். பிறகு சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி தொடங்கும். பாட்டு வரி கிடையாது, ராகமும் தாளமும் மட்டும். சாமி அசைந்து கிளம்பும்போது தாளத்தின் காலம் மாறுவதைக் கவனியுங்கள். ராகம் தெரிய வேண்டியதில்லை.

வாசிப்பு நடக்கும்போது அவர்களுக்கு முன்னால் போய் நின்று போனை நீட்டாதீர்கள். பக்கவாட்டில் நில்லுங்கள். தவிலின் சத்தம் முழுசாகக் கிடைப்பதும் பக்கவாட்டில்தான்.

மெல்லிசைக் குழுவையும் மட்டமாக நினைக்க வேண்டாம். விநாயகர் பாட்டில் தொடங்கும், அப்புறம் மாரியம்மன், அப்புறம் பழைய காதல் பாட்டு, ஒன்பது மணிக்கு மேல் குத்துப்பாட்டு. பெரும்பாலான குழுக்களுக்கு இதுதான் வரிசை. நல்ல குழுவா என்று கண்டுபிடிக்க, பாடகரை விட்டுவிட்டு இரண்டு பேரைப் பாருங்கள்: கீபோர்டும் தபேலாவும். ஒரிஜினல் பாட்டில் புல்லாங்குழலும் வயலினும் வருகிற இடையிசையைக் கீபோர்டுக்காரர் ஒற்றை ஆளாகத் தாண்டுகிறாரா, மழுப்புகிறாரா என்பதில் தெரிந்துவிடும். பிடித்திருந்தால் நிகழ்ச்சி முடிந்து ஒயர் சுற்றும்போது போய், "அண்ணா, அடுத்த புரோகிராம் எங்கண்ணா?" என்று கேளுங்கள். விசிட்டிங் கார்டே கொடுப்பார்கள். அந்த ஒரு கேள்வியில் உங்களுக்கு அந்த ஆடி முழுக்க நிகழ்ச்சிப் பட்டியல் கிடைத்துவிடும்.

நேரம் முக்கியம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. திருவிழாக்களுக்கு நள்ளிரவு வரை தளர்வு தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் கூடாது. அதனால் "சாப்பிட்டுட்டு ஒன்பதரைக்குப் போலாம்" என்று கிளம்பினால் நன்றியுரைதான் கேட்கலாம். போகிற வழியில் ஒரு தட்டுவடை செட் போதும், சாப்பாட்டை வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

விடிய விடிய நடக்கிற ஒன்று

சேலம், தர்மபுரிப் பக்கக் கிராமங்களில் தெருக்கூத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. இதைக் கச்சேரிக் கணக்கில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாகச் சேர்க்கலாம். ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், கிடைத்தால் முகவீணை (நாதஸ்வரம் மாதிரி ஊதுகிற சின்னக் குழல்) என்று பின்பாட்டோடு இரவு முழுக்க ஓடுகிற இசை அது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து சிரிக்கவைத்து, திரை பிடித்து, அதற்குப் பின்னாலிருந்து வேஷக்காரர் பாடிக்கொண்டே வெளிப்படுவதற்குள் மணி பதினொன்று தாண்டியிருக்கும்.

புதியவர்கள் கூத்துக்குப் போய்ப் பன்னிரண்டு மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறார்கள். கதையின் உச்சம் விடிவதற்கு முன்னால்தான். மத்தியானம் நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள். ஒரு பாய், ஒரு போர்வை. நடுவில் கொஞ்சம் கண் அயர்ந்தாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், பாதி ஊர் அங்கேதான் படுத்திருக்கும். பெருசு யாராவது பக்கத்தில் இருந்தால், "ஐயா, நல்ல கட்டம் வரும்போது எழுப்பிவிடுங்க" என்று சொல்லிவைத்தால் எழுப்பியும் விடுவார்.

ஏற்காடு

மே மாதக் கடைசியில் ஏற்காட்டில் கோடை விழா நடப்பது வழக்கம். மலர்க் கண்காட்சிக்குத்தான் கூட்டம் அலைமோதும். ஆனால் விழா நாட்களில் கலை நிகழ்ச்சிகளும் நடக்கும்: கிராமிய ஆட்டம், மெல்லிசை, பள்ளிப் பிள்ளைகள் நிகழ்ச்சி. பூவைப் பார்த்துவிட்டு மாலையிலேயே இறங்கிவிடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

மேலே போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. அடிவாரம் வழியாகப் போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவது உண்டு. அதனால் இறங்கும் தூரமும் நேரமும் கூடும். மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைக் கிளம்பும் அன்று காலை பார்த்துவிடுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் மேலே இறங்கியதும் முதல் வேலையாகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. கீழே 38 டிகிரி வெயிலில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு ஸ்வெட்டர் நினைவே வராது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், கோடை மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் பிடிக்கும், நனைந்த சட்டையோடு ஏழு மணிக்கு மேல் உட்கார முடியாது. குடை வேண்டாம், பின்னால் இருப்பவர்களிடம் திட்டு வாங்குவீர்கள். ரெயின்கோட் எடுத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் முதலில் மிக்ஸருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும்தான் தார்ப்பாய் போடுவார்கள். தார்ப்பாய் போட்டுவிட்டுக் குழு மேடையிலேயே நின்றால் காத்திருங்கள், மறுபடி தொடங்கும். ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டால் கிளம்பலாம்.

சபாக் கச்சேரி பற்றிச் சுருக்கமாக. நகரில் சங்கீத ரசிகர்கள் கூடிக் கர்நாடக இசைக் கச்சேரிகள் நடத்துவது உண்டு, கோயில் உற்சவங்களிலும் ராமநவமியை ஒட்டியும் நடக்கும். பாட்டு நின்று மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து போகிற கெட்ட பழக்கம் ஒன்று நம் ரசிகர்களிடம் இருக்கிறது. நீங்கள் அப்போதுதான் முன்வரிசைக்குப் போங்கள், இடம் காலியாகும். அன்றைக்கு இரவு உங்களுக்குப் பிடித்துப்போவது மிருதங்கமாகவே இருக்கலாம்.

வெளியூர்க் கச்சேரிக்குத் திரும்பி வரும் வழியை முதலில் பாருங்கள்

பெரிய மேடைகளுக்குச் சேலத்துக்காரர்கள் மூன்று திசையில் போகிறார்கள்: சென்னை, கோவை, பெங்களூர். கச்சேரி டிக்கெட்டை வாங்குவதற்கு முன் திரும்புகிற வழியைத் தீர்மானியுங்கள்.

சென்னை என்றால் கச்சேரி எந்த இடத்தில் என்பதுதான் எல்லாமே. நந்தனம் மைதானம் என்றால் வாசலிலேயே மெட்ரோ, நேராகச் சென்ட்ரல். அங்கிருந்து இரவு கிளம்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் சேலத்தில் இறக்கிவிட்டுவிடும். எழும்பூரிலிருந்து ஆத்தூர் வழியாக வரும் சேலம் எக்ஸ்பிரஸும் உண்டு, டவுன் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களுக்கு அது வசதி. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். கச்சேரி அறிவிப்பு வந்த அன்றே ரயில் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள், போகவில்லை என்றால் ரத்துசெய்தால் பெரும் பகுதி திரும்ப வரும். கச்சேரி டிக்கெட் அப்படித் திரும்ப வராது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கச்சேரி என்றால் அன்றிரவே ரயில் பிடிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2023 செப்டம்பர் 10-ல் பனையூரில் நடந்த ரஹ்மான் கச்சேரியில் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்டில் நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய் நடந்த நிகழ்ச்சி அது. டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளேயே போக முடியவில்லை, சாலையில் மணிக்கணக்கில் வண்டிகள் நகரவில்லை. உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி பிறகு ரஹ்மான் கேட்டுக்கொண்டார். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: டிக்கெட்டின் பி.டி.எஃப்., பணம் கட்டிய ரசீது இரண்டையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மெயிலில் மட்டும் இருந்தால் போதாது. ஐம்பதாயிரம் பேர் கூடுகிற இடத்தில் நெட்வொர்க் படுத்துவிடும், கேட்டில் நின்று மெயிலைத் திறக்க முடியாது. உள்ளே நுழைய நேரம் நான்கு மணி என்று போட்டிருந்தால் நான்கு மணிக்கே போங்கள்.

கோவை சுலபம். கொடிசியா கண்காட்சி வளாகம் பக்கம் கச்சேரி முடிந்து காந்திபுரம் வந்துவிட்டால் சேலம் பஸ் கிடைக்கும். பெங்களூர் சுமார் 200 கிலோமீட்டர்தான், ஆனால் கச்சேரி நகரின் வடகோடியில் நடந்தால் ஊரைக் கடந்து ஓசூர் சாலையைப் பிடிப்பதற்கே பாதி ராத்திரி ஆகிவிடும். அங்கே தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் வருவது உத்தமம்.

முகம் தெரியாத ஆள் "என்கிட்ட ரெண்டு டிக்கெட் எக்ஸ்ட்ரா இருக்கு ப்ரோ" என்று க்யூஆர் கோட் படத்தை அனுப்பினால் வாங்காதீர்கள். ஒரே கோடைப் பத்துப் பேருக்கு விற்றிருப்பான், முதலில் ஸ்கேன் ஆகிறவனுக்குத்தான் கதவு திறக்கும்.

மைதானத்தில் எங்கே நிற்பது

மேடைக்கு ஒட்டி நின்றால் பாடகரின் முகம் தெரியும், பாட்டு சரியாகக் கேட்காது. முன்வரிசைக்குக் கீழே வைத்திருக்கும் பேஸ் பெட்டி வயிற்றைக் கலக்கும், குரல் தலைக்கு மேல் தாண்டிப் போய்விடும். மைதானத்தின் நடுவில் ஒரு கூடாரம் போட்டு ஒலி அமைப்பாளர் மிக்ஸரோடு உட்கார்ந்திருப்பார். அவர் காதுக்கு எது சரியாகக் கேட்கிறதோ அதைத்தான் அவர் சரிசெய்கிறார். அந்தக் கூடாரத்துக்குச் சற்று முன்னால், நடுக்கோட்டில் நில்லுங்கள். டிக்கெட் வகையில் வைரம், பிளாட்டினம் என்று எத்தனை பெயர் வைத்தாலும், பணத்துக்கு நியாயம் கிடைப்பது பெரும்பாலும் இந்த இடத்தை ஒட்டிய பகுதியில்தான். வரைபடத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ரொம்பப் பின்னால் போனால் வேறு தொல்லை. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். 170 மீட்டர் தள்ளி நின்றால் திரையில் உதடு அசைந்து அரை விநாடி கழித்துத்தான் குரல் வந்து சேரும். நடுநடுவே கூடுதல் ஸ்பீக்கர் கோபுரம் வைத்து இதைக் கொஞ்சம் மறைப்பார்கள்.

காதுக்குப் பஞ்சு போதாது. மருந்துக்கடையிலோ ஆன்லைனிலோ இயர்பிளக் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கையைக் கடிக்காது. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலைக் கால் மணி நேரம்தான் பாதிப்பில்லாமல் தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. ஸ்பீக்கர் பக்கத்தில் அதைத் தாண்டிவிடும். குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்பீக்கர் முன்னால் ஆடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆடி மெல்லிசையிலும் இது பொருந்தும், நம்மூர் மேடைகளில் ஸ்பீக்கர் பெட்டி சரியாக முதல் வரிசைக் குழந்தைகளின் உயரத்துக்குத்தான் இருக்கும்.

உள்ளே போனதும் வந்த கேட்டைத் தவிர இன்னொரு வெளிவழி எங்கே என்று பார்த்து வையுங்கள். கூட்டம் நெருக்க ஆரம்பித்து, நீங்களாகக் கையைத் தூக்க முடியாத நிலை வருவதற்கு முன்பே நகர்ந்துவிட வேண்டும். மாட்டிக்கொண்டால் கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, எதிர்த்துத் தள்ளாமல் ஓரத்தை நோக்கிச் சாய்வாக நகருங்கள். கீழே விழுந்த செருப்பு, போன் எதற்காகவும் குனியாதீர்கள்.

போன் விஷயம். பிடித்த பாட்டு ஒன்றை ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள், மிச்ச நேரம் பையில் போடுங்கள். வீட்டுக்கு வந்து யாரும் இரண்டு மணி நேர வீடியோவைப் பார்ப்பதில்லை, அதில் பாதி பக்கத்தில் நின்றவர் கத்தியதுதான் பதிவாகியிருக்கும். அதற்குப் பதில், ரயிலிலோ பஸ்ஸிலோ உட்கார்ந்ததும் பாடிய பாட்டுகளை வரிசையாக எழுதி வைத்துவிடுங்கள், யார் கூட வந்தது, எந்தப் பாட்டுக்கு ஒன்ஸ் மோர் கேட்டார்கள், யார் கீபோர்டு வாசித்தது என்பதோடு. மறுநாள் காலை பாதி மறந்திருக்கும்.

கூட வர ஆள் இல்லை என்று நிற்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாலு பேர் குரூப்பில் தேதி ஒத்துவருவதற்குள் டிக்கெட் தீர்ந்துவிடும். தனியாகப் போங்கள். கோயில் கச்சேரிக்கும் சபாவுக்கும் தனியாக வருகிறவர்களே அதிகம். வெளியூர்ப் பெரிய மைதானத்துக்குப் பெண்கள் தனியாகப் போவதென்றால் உட்காரும் இருக்கையுள்ள பகுதியில் எடுத்து, திரும்பும் வண்டியின் விவரத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் போகலாம். நோட்டீஸைப் பார்த்த அன்றே, வர விருப்பமுள்ளவர்களுக்கு ஒரு வரி அனுப்புங்கள்: "சனிக்கிழமை ஏழு மணி, குகை. நான் போறேன், வர்றவங்க வாங்க." பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.